நடுப் பந்து யாருடையது?

மண்ணரையில் ஜாப் ஒர்க் தையல் யூனிட் நடத்தும் மகுடேஸ்வரனுக்கு டென்னிஸ் பித்து நாற்பத்தைந்து வயதில் பிடித்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் ஓடவே ஆரம்பித்துவிட்டார். பிரெஞ்சு ஓபன் வந்துவிட்டால், ஷிப்மெண்ட் தலைக்கு மேல் இருந்தாலும் ஒரு கண் போனில்தான். அதிலும் இரட்டையர் ஆட்டம் என்றால் உயிர்.

"ரெண்டு பேரும் வலக்கை ஆட்டக்காரங்கன்னா, நடுவுல வர்ற பந்து இடப்பக்கம் நிக்கறவனுதுங்க. அவனுக்குத்தான் அது ஃபோர்ஹேண்ட், கைக்கு வாகான அடி" என்று கட்டிங் மாஸ்டரைக்கூட உட்கார வைத்துப் பாடம் எடுப்பார். பாவம், அந்த மாஸ்டரும் தலையாட்டுவார்.

போன தை மாதம் மகள் ஜனனியைக் காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் அருள்செல்வனின் மகனுக்குக் கட்டிக் கொடுத்தார். சம்பந்தியும் டென்னிஸ் ஆடுவார் என்று தெரிந்ததும் மகுடேஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. தான் ஆடும் கிளப்பில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கான இரட்டையர் போட்டியில் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டார். வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டுகிறவர். இந்த முறையாவது ஒரு ஆட்டம் ஜெயித்துவிட வேண்டும்.

இடப்பக்கம் இவர், வலப்பக்கம் சம்பந்தி. எதிராளிகள் சீக்கிரமே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நடுவில் அடித்தால் போதும்.

"எடுங்க சம்பந்தி!"

"இல்லீங்க, நீங்க எடுங்க!"

கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் நிற்பதுபோல் இருவரும் மரியாதையாக ஒதுங்க, பந்து நடுவில் புகுந்து வேலியில் போய் மோதியது. இப்படியே ஒரு செட் போயிற்று.

தண்ணீர் குடிக்க வந்தவரை வேலியோரம் நின்ற ஜனனி பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்ப்பா, அது உங்க பந்துதானே? எதுக்கு உடறீங்க?"

"சம்பந்தி கண்ணு. அவருக்கு முன்னால நான் பாஞ்சு எடுத்தா தப்பா நெனச்சுக்குவாரு. நாளைக்கு உன்னயத்தான…"

ஜனனியின் முகம் மாறியது. "அந்த ஊட்டுல நானே நிமிந்துதான் இருக்கறனுங்ப்பா. எனக்காவ நீங்க குனியாதீங்க."

அவர் தண்ணீர் பாட்டிலை அவள் கையில் கொடுத்தார். தன் இடத்தில் போய் நின்றார்.

அடுத்த பந்தும் நடுவில்தான் வந்தது. "நானுங்க!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து அடித்தார். எதிராளிகள் அசையவில்லை. போச்சு, என்ன நினைப்பாரோ என்று பயந்து திரும்பினால், அருள்செல்வன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா! பொண்ணக் குடுத்தவருகிட்ட இருந்து பந்தப் பிடுங்கறதான்னுதான் நானும் ஒதுங்கி நின்னனுங்க."

அதன்பிறகு இருவரும் வாய் மூடவில்லை. "நானுங்க", "நீங்க போங்க", "நெட்டுக்கு வாங்க" என்று ஒரே கூச்சல். இரண்டாவது செட் இவர்கள் கைக்கு வந்தது. ஆட்டத்தை முடிவு செய்யும் கடைசி டைபிரேக்கில் ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு புள்ளி வேண்டும்.

எதிராளி பந்தை உயரத் தூக்கினார். நெட் அருகே நின்ற அருள்செல்வன் மட்டையை ஓங்கினார். பின்னால் இருந்த மகுடேஸ்வரனுக்குப் பந்து போகும் போக்குத் தெரிந்தது.

"உடுங்க சம்பந்தி! வெளிய!"

ஓங்கிய கையை அவர் அப்படியே இறக்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்து கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது.

எதிராளிகள் கை குலுக்க வந்துவிட்டார்கள். மகுடேஸ்வரன் நின்ற இடத்திலேயே நின்றார். மகளைக் கொடுத்த வீட்டின் பெரியவர் தன் ஒரு சொல்லை நம்பிக் கையை இறக்கியிருக்கிறார். ஜெயித்ததைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.