சேவலின் நான்காம் விரல்

என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவில், உரித்து ஒட்டுகிற சிவப்பு அம்புகள் கொண்ட தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தைத்து வந்த பீஸில் எங்காவது குறை இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பை ஒட்டித் தள்ளி வைத்துவிட வேண்டும். திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பதினான்கு வருடம் நான் குவாலிட்டி மேனேஜராக இருந்தேன். சட்டைப்பையில் பேனா இல்லாத நாள் உண்டு, இந்தத் தாள் இல்லாத நாள் கிடையாது. எட்ட நின்றே குறையைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெரிய நினைப்பு வேறு.

அந்த நினைப்பு கம்பெனி வாசலோடு நின்றிருந்தால் பரவாயில்லை, என் கூடவே வண்டியேறி வீட்டுக்கும் வந்தது. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒருநாள் சேவல் ஒன்றை வரைந்து, ஓடிவந்து காட்டினாள். காலுக்குப் பின்பக்கம் ஒரு விரலைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள் என்று தோன்றியது. அந்த விரலைக் காட்டி ஓர் அம்பை ஒட்டிக் கொடுத்தேன். விளையாட்டாக எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு கணக்கு நோட்டில் ஒட்டினேன், கட்டுரை நோட்டில் ஒட்டினேன். கொஞ்ச நாளில் அவள் எதையுமே கொண்டுவந்து காட்டுவதை நிறுத்திவிட்டாள். அதைக்கூட நான் கவனிக்கவில்லை. "உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே புள்ள நோட்டை மூடி ஒளிச்சு வெச்சர்றாளுங்க" என்று மனைவி சொன்னபோதுதான் உறைத்தது. அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வேலையை விட்டதற்குப் பெரிய காரணம் சொல்ல முடியாது. ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். பசிக்கு முன்னால், சோற்றில் என்ன குறை என்று கண் தேடியது. பயந்துபோனேன். அந்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊரே கம்பெனி ஆரம்பித்துக்கொண்டிருந்த நேரத்தில் வேலையை விட்டவனைப் பார்த்துக் காதர்பேட்டை பனியன் சந்தை வியாபாரிகள் வரை துக்கம் விசாரித்தார்கள். வீட்டில் உட்கார்ந்து நான் செய்த வேலை ஒன்றுதான். மனைவி மடித்த துணி சரியில்லை, வைத்த ரசம் சரியில்லை. பத்தாவது நாள் அவள் கும்பிடு போட்டு, எங்காவது போய் வரச் சொன்னாள்.

எங்காவது என்றால் எதிர் வீடுதான். அங்கே முன்னறையில் ஒரு சாதாரணத் தையல் மெஷினும் ஓரம் அடிக்கிற ஓர் ஓவர்லாக் மெஷினும் போட்டு ஒரு பெண்மணி கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். தெருவே அவரை டெய்லரம்மா என்றுதான் கூப்பிடும். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில், ஒரு பனியனின் தோள் தையல் வளைகிறது என்று சொல்லிவிட்டேன். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். "ஏனுங்க சார், நீங்க ஒண்ணு தெச்சுக் காட்டுங்களே" என்றார். கிண்டல் இல்லை, பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் கேட்டார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆயிரக்கணக்கான பீஸ்களைத் தள்ளியவன், வாழ்க்கையில் ஒரு பீஸ்கூடத் தைத்ததில்லை.

வீம்புக்கு உட்கார்ந்தேன். காலை அழுத்தியதும் துணி என் கையைப் பறித்துக்கொண்டு ஓடியது. டெய்லரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு ஊசியிலிருந்து நூலை உருவினார். "கோடு போட்ட பேப்பர் கொண்டாங்க. கோட்டு மேலயே ஓட்டை உழுகற மாதிரி ஓட்டிப் பழகோணும். உங்க கம்பெனிக்கு வாரதுக்கு முன்னால நானும் அப்படித்தானுங்க பழகுனேன்." என் கம்பெனியிலா என்று கேட்டேன். "ரெண்டு வருசம் இருந்தனுங்க. அம்பு ஒட்டுன பீஸு திரும்பி வந்தா அன்னைக்கெல்லாம் அடுத்த பீஸைத் தொடவே பயமா இருக்குமுங்க" என்றார். எனக்கு அவர் முகம்கூட நினைவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

மகளிடம் போய்ப் பழைய நோட்டிலிருந்து காகிதம் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கிழித்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் வீட்டுப்படி ஏறும்போது, "கையில என்னங்கப்பா?" என்று வந்து நின்றாள். சட்டென்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் செருகினேன். விரல் அங்கே இருந்த அம்புத் தாளில் இடித்தது. அவள் ஏன் நோட்டை ஒளித்தாள் என்பது அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. இரண்டையும் வெளியே எடுத்தேன். அவள் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கோடு ஒரு பக்கம் போவுது, ஓட்டை ஒரு பக்கம் போவுதுங்கப்பா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அம்புத் தாளை அவளிடம் நீட்டி, "ஒட்டு கண்ணு" என்றேன். தலையை ஆட்டினாள். "வேண்டாங்கப்பா. நாளைக்கு நேரா வருமுங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் நேராக வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆனால் எனக்கு வேறு ஏதோ வந்திருந்தது. காலையில் எப்போது விடியும், எப்போது எதிர் வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தது. காலும் கையும் கண்ணும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமலே சேர்ந்து வேலை செய்த முதல் கணத்தில், நாற்பத்திரண்டு வயதில் கூச்சல் போட்டேன். தப்பாகத் தைத்துவிட்டு நான் விழிக்கும்போதெல்லாம் டெய்லரம்மா ஒன்றுதான் சொல்வார்: "பிரிச்சுத் தெச்சாப் போச்சுங்க சார். நூலு என்ன கோவிச்சுக்கவா போவுது?" நானும் பிரித்தேன், தைத்தேன், மறுபடி பிரித்தேன். இரண்டு மாதத்தில் மகளுக்கு ஒரு பனியன் தயாரானது. கழுத்து ஒரு பக்கம் கோணிக்கொண்டிருந்தது. பழைய நானாக இருந்தால் நான்கு அம்பு ஒட்டியிருப்பேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு தெரு முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

வந்தவள் உள்ளே போய் டிராயிங் நோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். ஒரு வருடமாக நான் பார்க்காத பக்கங்கள். அந்தச் சேவலும் இருந்தது, அம்போடு. "அப்பா, சேவலுக்குப் பின்னால ஒரு விரல் இருக்குமுங்க" என்றாள் மெதுவாக. சேவல் கூவ எழுந்துதான் நான் வளர்ந்தேன், ஆனால் அதன் காலைப் பார்த்ததில்லை. இருவரும் டெய்லரம்மா வீட்டுக் கொல்லைக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. "ஏனுங்க சார், சேவலுக்கும் செக்கிங்குங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இல்லீங்க அம்மிணி, படிக்கிறேன்" என்றேன்.

டெய்லரம்மா பிற்பாடு கொமரலிங்கம் பக்கம் குடிபோய்விட்டார். அவர் இருந்த வீட்டில் இப்போது ஒரு வடநாட்டுத் தம்பதி. அந்தப் பெண்ணிடம் நான் இந்தி எழுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தில் புரியாத இடத்தில் ஓர் அம்பை ஒட்டி வைத்து, சாயங்காலம் போய்க் கேட்பேன். தாளில் ஐந்தாறு அம்புகள்தான் மிச்சம். தீர்ந்தால் புதுத் தாள் வாங்கி அனுப்பட்டுமா என்று வெளியூரிலிருந்து மகள் போனில் கேட்டாள். இரண்டாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.