வாரம் தவறாத வீடு

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்கும் அந்த அம்மாளின் பேரை நான் கேட்டதே இல்லை. மெலிந்த உடம்பு. விரல்களில் எப்போதும் கடலைத்தோல் ஒட்டியிருக்கும்.

ஊரில் தொற்றுநோய் பரவுகிறதா என்று மக்களையே போனில் கேட்பதுதான் எங்கள் வேலை. திங்கள்தோறும் இரண்டு கேள்விகள் போகும்: வீட்டில் எத்தனை பேர், யாருக்காவது நோய் உண்டா? வரும் பதில்களை எங்களோடு வேறு சில நாட்டுக்காரர்களும் பார்ப்பார்கள். அந்த அம்மாள் முந்தானையால் போனைத் துடைத்துவிட்டுத்தான் பதிலை அமுக்குவார். நான்கு. இல்லை.

ஒரு நாள் அவர் கடை போடவில்லை என்று வீட்டுக்குப் போனேன். நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே அவர் புருஷன் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு கிடந்தார்.

"நோய் இல்லைன்னு போட்டிருக்கீங்களேம்மா?"

"இது நோயா சார்? மாரியாத்தா வந்துகிறா. வூட்டுக்கு வந்தவள நோயின்னு எப்படி அமுக்குறது?"

"அவருக்கு மூச்சு வாங்குது. ஆம்புலன்ஸக் கூப்பிடட்டுமா?"

"வேணாம் சார். தலைக்குத் தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக்கூடாது."

இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மாள் புருஷனுக்கு விசிறிக்கொண்டே இருந்தார். திரும்பிவிட்டேன்.

அடுத்த திங்கள் வீடியோ கூட்டத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் அந்த வீட்டின் எண்ணைக் காட்டி, ஒரு வாரம்கூடத் தவறாமல் பதில் வருகிறது என்று பாராட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அன்று காலை வந்திருந்த பதிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் அமுக்கியிருப்பார்.

மூன்று. இல்லை.