பேசுவார், வாங்கமாட்டார்

ஈப்போவில் ஒரு சேலைக்கடையில் வேலை செய்கிறேன். சாயங்காலங்களில் கைபேசி முன்னால் நின்று சேலைகளை விரித்துக் காட்டி நேரலையில் விற்பதும், கடையின் வலைத்தளப் பக்கத்தில் கேட்கிறவர்களுக்குப் பதில் போடுவதும் என் பொறுப்பு.

அந்தப் பக்கத்துக்குத் தவறாமல் வருகிறவர் சுங்காய் அக்கா. சுங்காய் ஊர்ப் பக்கம், ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட ஒரு தோட்டத்தின் ஓரம் அவர் வீடு. நான் விளக்கைச் சரி செய்து முடிப்பதற்குள், "வந்துட்டேன் தங்கச்சி, சாப்டியா?" என்று எழுதிவிடுவார். யாராவது சாயம் போகுமா என்று கேட்டால் நான் வாய் திறக்குமுன்பே, "போகாது, நான் கட்டித் துவைச்சிருக்கேன்" என்பார். அதைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அவர் எங்களிடம் வாங்கியது ஒரே ஒரு சேலைதான்.

இத்தனை பேர் பார்த்தும் வியாபாரம் ஏறவில்லையே என்று முதலாளி கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். மரியாதையான இளைஞன். எந்த வாடிக்கையாளரால் கடைக்கு என்ன பலன் என்று கணினியில் பிரித்துக் காட்டினான். சுங்காய் அக்காவுக்கு நேரே சிவப்பு.

"இவங்க பேசுவாங்க, வாங்கமாட்டாங்க. இவங்களுக்குப் பதில் போடுறது வேஸ்ட் லா, அக்கா."

"அவங்க சொல்றத நம்பித்தானே தம்பி மத்தவங்க வாங்குறாங்க?"

"அத எப்படி அளக்குறது?"

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுங்காய் அக்கா எழுதுவது இனி மற்றவர் கண்ணில் படாதபடி அப்போதே மறைத்துவிட்டார்கள். பதில் போடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. இதெல்லாம் அவருக்குத் தெரியாது. தொடர்ந்து எழுதினார். "சாப்டியா?" என்றவர் கொஞ்ச நாளில், "உடம்பு சரியில்லையா தங்கச்சி?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டார். மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தங்கச்சி, ஒருத்தரும் பதில் போட மாட்றீங்க? நான் எதும் தப்பா எழுதிட்டேனா?"

முதலாளி முந்திக்கொண்டார். "சிஸ்டம் ரோசாக் அக்கா, இன்னும் ரிப்பேர் பண்ணல. நீங்க உக்காருங்க."

கூல்டிரிங்ஸ் வாங்கிக் கொடுத்தார். கூரைச்சேலையை அக்காவே தேர்ந்தெடுத்தார். அதை மகள் தோளில் போட்டு, இருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்துப் பக்கத்தில் போட்டார்கள். அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசகன் அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டினான். "பாத்தீங்களா பாஸ்? கண்டுக்காம விட்டோம், நேரா கடைக்கே வந்து வாங்கிட்டாங்க." அக்காவின் சிவப்பு பச்சையாகியிருந்தது. சும்மா பேசுகிற மற்றவர்களையும் இதே மாதிரி மறைத்துவிடலாம் என்று முடிவானது. முதலாளி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் சொந்த போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டு நடந்ததெல்லாம் சொன்னேன்.

"வேற எந்தக் கடைக்கும் போகல தங்கச்சி. தெரிஞ்சவங்க கடைன்னு நெனச்சுத்தான் வந்தேன்" என்றார் அக்கா. "அந்தச் சேலையத் திருப்பிக் குடுக்கலாமா?"

"வாங்கிக்க மாட்டாங்கக்கா."

"அப்ப போட்டோவையாவது எடுத்துடச் சொல்லு."

மறுநாள் முதலாளியிடம் கேட்டேன். "அதுக்குத்தான் லைக் அள்ளுது. அதப் போய் எடுக்கச் சொல்றியே!" என்றார்.

படம் இன்னும் பக்கத்தின் உச்சியில் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் அதன் கீழே வாழ்த்து எழுதுகிறார்கள். சுங்காய் அக்கா வருவதே இல்லை.