அடுத்த மாடல் வரட்டும் என்றார்

கையடக்க கேம் கருவியின் அடுத்த மாடலில் எத்தனை ஜிபி ரேம் இருக்கும் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். இரண்டு வருடம் என் வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

கணவர் கத்தாரில் ஏசி மெக்கானிக். எனக்குக் கீரிப்பாறை ரப்பர் தோட்ட அலுவலகத்தில் வேலை. நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்பவும் அப்படியே. அவ்வளவு நேரமும் கேம்தான் விளையாடுவேன். இந்த வயதில் உனக்கு இது தேவையா என்பாள் பக்கத்து சீட்டுக்காரி. தேவைதான். அங்கே கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவரும் அதே கேமைத்தான் ஆடுவார். எங்கள் குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் அதில்தான் நடந்தது.

என் கருவியின் பாட்டரி சீக்கிரம் இறங்க ஆரம்பித்தபோது, லீவுக்கு வரும்போது புதுசு ஒன்று வாங்கி வாருங்கள் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த மாதமே அடுத்த மாடல் பற்றி இணையத்தில் புரளி கிளம்பியது. பழையதை எதற்கு வாங்க வேண்டும், புதுசு இறங்கட்டும், அதோடு வருகிறேன் என்றார்.

நானும் சேர்ந்து ஆடினேன், அதுதான் வயிற்றெரிச்சல். விலையைக் கட்டுப்படுத்த பழைய சிப்பைத்தான் போடுவார்கள் என்பது என் கட்சி. இல்லை, டிவியில் மாட்டினால் 4கே வரும் என்பது அவர் கட்சி. நம்மிடம் உள்ள கேம் கார்டுகள் அதில் நுழையுமா என்று ஒரு வாரம் சண்டை. அதற்குள் கிறிஸ்துமசுக்கு வரவேண்டியவர் ஈஸ்டருக்குத் தள்ளினார். ஈஸ்டர் வந்தபோது மாடலே தள்ளிப்போய்விட்டது என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து வீடியோ காலில் பேசும்போது, முதலில் வருவதில் திரை சுமார்தானாம், நல்ல திரை அதற்கடுத்த மாடலில்தானாம், அதுவரை பொறுக்கலாமா என்றார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. எவனோ ஒரு மடையன் எங்கிருந்தோ கிளப்பிவிடும் புரளிக்கு என் புருஷன் ஏன் காத்துக் கிடக்க வேண்டும்?

"கம்பெனியில லீவு தந்தாவளா இல்லியா? அதைச் சொல்லுங்க" என்றேன்.

அப்போதுதான் சொன்னார். இரண்டு தடவையும் லீவு கிடைத்திருக்கிறது. இரண்டு தடவையும் அவரே வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தங்கைகள், மாமா மகன், பக்கத்து வீடு என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்ட சாமான்களை வாங்க அவரால் காசு சேர்க்க முடியவில்லை. அதில் பெரிய சாமான் என்னுடையது.

நான் கத்தினேன். அவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினேன். "யாருக்கும் ஒண்ணும் வேண்டாம். வெறுங்கையோட வாங்க. எனக்கு நீங்க வந்தா போதும்."

அவர் கோபப்படவில்லை. "ஏட்டி, போன தடவை நான் வந்து நிக்கும்போ, சாப்பிட்டியளான்னு நீ கேக்கல. பெட்டியத்தான் பாத்த."

பொய் சொல்லாதீர்கள் என்று ஆரம்பித்தேன். அட்டைப்பெட்டிக் கயிற்றை அறுக்க அடுக்களைக்குக் கத்தி எடுக்க ஓடியவள் நான்தான். அவர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.