டேங்கர்க்காரரின் முதுகு

வெள்ளைக் கோட்டுகள் வார்டு வாசலில் தெரிந்ததும், டேங்கர்க்காரர் தன் எக்ஸ்ரேயை மெத்தைக்கு அடியில் தள்ளி, அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு முதுகைத் தட்டும் மாணவர்களை அவருக்குப் பிடிக்காது. “தட்டிட்டுச் சொல்லணும். பாத்துட்டுச் சொல்ல எதுக்குப் படிப்பு?”

தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். வயது நாற்பத்து மூன்று. நுரையீரலைச் சுற்றியுள்ள இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு இடையில், இடப்பக்கம், அவருக்கு நீர் கோத்துக்கொள்கிறது. நுரையீரல் விரிய இடமில்லாமல் மூச்சு வாங்குகிறது. மூன்று முறை ஊசி போட்டு எடுத்தாயிற்று. “டேங்கர் போதலன்னு உள்ளயும் ஏத்திக்கிட்டாரு” என்கிறாள் மனைவி, அவர் காதுபடவே.

எதிர்க் கட்டிலில் என் மாமா. ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிய எனக்கு அவர் பக்கத்து நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. மாணவர்கள் வந்தால் நானும் டேங்கர்க்காரரின் கட்டிலருகே போய் நின்றுவிடுவேன். இடது நடுவிரலை விலா இடுக்கில் பதித்து, வலது நடுவிரலால் அதன்மேல் தட்டுவார்கள். காற்றிருந்தால் ஒலி முழங்கும். நீரிருந்தால் கல்லைத் தட்டியதுபோல மழுங்கும். கைகளை முன்னால் கட்டச் சொன்னால் தோள்பட்டை எலும்பு விலகிக்கொள்ளும். பாதிப் பேர் அதை மறந்து, எலும்பின்மேலேயே தட்டி, நீர் கழுத்துவரை ஏறிவிட்டது என்பார்கள். “அது எலும்பு தம்பி. அம்புட்டு தண்ணி இருந்தா நான் உங்கிட்ட பேசிட்டா இருப்பேன்?”

அன்று மாணவர்களுக்குத் தேர்வு. முந்தைய நாள்தான் பேராசிரியர் அவரிடம் நேராகச் சொல்லியிருந்தார்: நான்காவது முறையும் நீர் சேர்ந்திருந்தால், ஊசியால் எடுத்துவிட்டு அறுவை சிகிச்சை, ஆறு மாதம் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. அத்தனை நாள் லாரி அவருக்காகக் காத்திருக்காது. புதுப் படம் மதியம்தான். மூச்சு லேசாக இருப்பதாகக் காலையிலிருந்து வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு வாய்த்தவள், ஏற்கெனவே ஒரு முறை தோற்ற மாணவி. மறக்காமல் கைகளைக் கட்டச் சொன்னாள். மேலிருந்து, இரு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு இறங்கினாள். நடு முதுகில் விரல் நின்றது. மறுபடி மேலே போய் இறங்கினாள். அதே இடம். சும்மா நின்ற எனக்கே வித்தியாசம் கேட்டது.

“கொஞ்சமாத்தான் சார்… அடியில…” என்று இழுத்தபடி, எட்டி டேங்கர்க்காரரின் முகத்தைப் பார்த்தாள்.

“என் மூஞ்சில என்னம்மா இருக்கு? சத்தம் எங்க மாறுச்சு, அதச் சொல்லு.”

“தோள்பட்டை எலும்போட கீழ்முனை வரைக்கும், சார். பாதி நெஞ்சுக்கு இருக்கு.”

பேராசிரியர் அதே இடத்தில் ஒரு முறை தட்டினார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அவளுடைய தாளில் மதிப்பெண் எழுதினார். அவள் சொன்னது சரி.

மனைவி ஏதோ கேட்க வாயெடுத்தாள். ஊசி என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. டேங்கர்க்காரர் கட்டிலோரத்து மேசையைத் தன் பக்கம் இழுத்தார். தலையணையை அதன்மேல் வைத்து, ஊசி போடும்போது சாய்வதுபோலவே முன்னால் குனிந்து, நெற்றியை அதில் பதித்துக்கொண்டார்.