படகுக்காரியின் பாட்டும் ஐந்து கட்டையும்

போன ஆடி மாதம் எங்கள் வீட்டில் ஐஸ் தண்ணீர் தடைசெய்யப்பட்டது. அடுத்த நாள் தயிரும் போயிற்று. அதற்குப் பதிலாக மிளகு போட்ட பால், பனங்கற்கண்டு, சித்தரத்தைக் கஷாயம். என் மகளுக்கு அடையாறில் அவள் படிக்கும் பள்ளியில் ஆடிஷன். ஆண்டு விழாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் இசை நாடகம் போடுகிறார்களாம். கடலைத் திருட வரும் ஒரு ராஜாவின் கதை. முழுக்க முழுக்கப் பள்ளியிலேயே எழுதியது என்று சுற்றறிக்கையில் பெருமை பொங்கியது. படித்துப் பார்த்தேன். வேறு எங்கும் எழுதியிருக்க வாய்ப்பில்லை.

மகள் கேட்டது படகுக்காரி வேஷம். மற்ற பெண்களின் அம்மாக்கள் எல்லோரும் கடல் இளவரசிக்குப் போட்டி போட்டார்கள். இளவரசிக்கு ஜிகினாப் பாவாடை உண்டு. படகுக்காரிக்குக் கந்தல் புடவையும் ஒரே ஒரு பாட்டும்தான். ஆனால் ராஜாவை நேருக்கு நேர் நின்று கேலி செய்கிற பாட்டு அது.

"இத்தனை வருஷம் மரமாவும் பாறையாவும் நின்னாச்சுப்பா. இந்த வருஷமாவது வாயைத் திறக்கணும்," என்றாள்.

அவள் ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டால் பிறகு பள்ளியை விட்டுப் போகும்வரை மேடை கிடையாது. படிப்பில் கவனம் வேண்டுமாம். ஆகவே இதை விட்டால் பாறையாகவே பள்ளியை முடிக்க வேண்டியதுதான்.

பெற்றோர் குழுவில் ஆடிஷனுக்குத் தயார்செய்யும் ஒரு பயிற்சியாளரின் பேர் சுற்றிக்கொண்டிருந்தது. தி.நகரில் ரவிக்கை தைக்கும் கடைக்கு மேல் மாடியில் அவருடைய வகுப்பு. சென்னை வெயிலில் கழுத்தைச் சுற்றி மப்ளர் கட்டியிருக்கும் மனிதரை அதுவரை நான் பார்த்ததில்லை. மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு, பனகல் பூங்கா நெரிசலில் புகையைக் குடித்தபடி போய்ச் சேர்வோம். புகையில் தொண்டை என்ன ஆகும் என்று எனக்குக் கவலை. தயிரை நிறுத்திய வீட்டில் அந்தக் கவலைகூட இல்லாமல் எப்படி?

அவர் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் கை. சோகம் என்றால் வலது கை மார்பில், நம்பிக்கை என்றால் இரண்டு கைகளும் மேலே. எல்லாக் குழந்தைகளுக்கும் இதே கைகள்தான். போக்குவரத்துக் காவலர்களுக்கு இதைவிடக் கூடுதலாக அசைவுகள் உண்டு. பாட்டுக்குப் பள்ளி அனுப்பிய பின்னணி இசையைத் தன் லேப்டாப்பில் போட்டு, ஏதோ தட்டி, எங்களுக்கு ஒரு பிரதி அனுப்பினார். மகள் அதோடு பாடினால் கச்சிதமாகச் சேர்ந்தது. எனக்குப் பெருமை. அவருக்குக் கட்டணம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் கர்நாடக சங்கீதம் கற்கும் குழந்தைக்கு ரத்த வகையோடு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: தன் கட்டை, அதாவது தான் பாடுகிற சுருதி. டீச்சர் சின்ன வயதிலேயே தொண்டைக்கு ஏற்ற சுருதியைப் பிடித்துக் கொடுத்துவிடுவார். பிறகு எந்தப் பாட்டானாலும் அங்கிருந்துதான் தொடங்கும். பக்கவாத்தியமும் தம்புராவும் அந்தக் குழந்தையின் கட்டைக்கு வந்தாக வேண்டும். குழந்தை எங்கும் போகாது.

ஆடிஷன் அன்று பள்ளித் தாழ்வாரத்தில் பெற்றோர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எல்லோர் மடியிலும் ஃபிளாஸ்க். தாழ்வாரமே மிளகு வாசம். இரண்டு அம்மாக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பொண்ணு எத்தனை கட்டை?"

"அஞ்சு."

"எங்காத்துல அஞ்சரை. டீச்சர் ஆறுக்கே போலாம்னு சொல்லிண்டிருக்கா."

நிலத்தின் விலையைச் சொல்வதுபோல அந்த அரையை அழுத்திச் சொன்னார்.

அந்த ஐந்தரைக் கட்டைதான் முதலில் உள்ளே போனது. சற்று நேரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தது. அடுத்த பெண்ணும் அப்படியே. மூன்றாவதாக என் மகளை அழைத்தார்கள். அவள் உள்ளே போய்க் கதவு மூடிய பிறகுதான், முதலில் அழுதுகொண்டு வந்த பெண் தன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "நாம பிராக்டீஸ் பண்ணின மாதிரி இல்லம்மா. எல்லாம் கீழ இருக்கு. நான் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்."

அந்த அம்மா உடனே பயிற்சியாளருக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஆமா மேடம், ஒவ்வொரு குழந்தைக்கும் அதோட கட்டைக்கு ட்ராக்கை மாத்திக் குடுத்தேன். ஸ்கூல்ல ஒரிஜினல்தானே போடுவாங்க," என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

தாழ்வாரத்தில் பத்து ஃபிளாஸ்க்குகள் அசையாமல் நின்றன. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் சுருதிக்கு வளைக்கப்பட்ட பாட்டைப் பாடிப் பழகியிருந்தார்கள். இங்கே பாட்டு யாருக்கும் வளையப் போவதில்லை.

நான் எழுந்து கதவருகே ஓடினேன். வாட்ச்மேன் குறுக்கே கையை வைத்தார்.

"இன்னா சார், எங்க? உள்ள பாட்டு போய்க்கினு கீது."

ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். வேறு வேஷங்களுக்கு வந்த மூன்று பிள்ளைகளின் அப்பன்மார் காலையிலிருந்து அதே ஒரு வார்த்தையைச் சொல்ல வந்தார்களாம். நகரவில்லை.

உள்ளே பின்னணி இசையின் பியானோ தொடங்கியது. என் மகள் ஐந்து கட்டையில், துளிச் சந்தேகமும் இல்லாமல், உரக்க ஆரம்பித்தாள். பியானோ ஒரு தெருவில், அவள் இன்னொரு தெருவில். யாரோ சிரித்தார்கள். ஆசிரியை சிரித்ததாகத்தான் இன்றும் நினைக்கிறேன். இசை நின்றது.

ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டேன். அழப்போகிறாள், கதவு திறக்கப்போகிறது என்று காத்திருந்தேன்.

"மிஸ், இன்னொரு தடவை போடுங்க. பாடல, கேட்டுக்கறேன்."

முழுப் பாட்டும் ஓடியது. அவள் குரலே இல்லாமல். எட்டு வருஷ சங்கீத வகுப்பில் இப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை. அடுத்த முறை இசை தொடங்கியபோது கீழே, அவளுக்குக் குரல் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாத ஓர் இடத்திலிருந்து பாடினாள். கரகரப்பாக இருந்தது. சில இடங்களில் பாட்டு பேச்சாகவே இறங்கிவிட்டது. ஒரு கிழவி ராஜாவை வம்புக்கு இழுப்பதுபோல இருந்தது. இந்த முறை சிரிப்பு சரியான இடத்தில் வந்தது.

வெளியே வந்தவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள். "ஐஸ் தண்ணி வாங்கிக் குடுங்கப்பா."

படகுக்காரி அவள்தான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே மப்ளர்க்காரர் தன் ஸ்டேட்டஸில் அவள் படத்தைப் போட்டு, தன் பயிற்சியின் வெற்றி என்று மார்தட்டிக்கொண்டார். கீழ்க்குரலுக்குத் தனி வகுப்பு தொடங்குகிறாராம். ஐந்தரைக் கட்டை அம்மா முதல் ஆளாகச் சேர்த்துவிட்டார். ஜிகினாப் பாவாடை கைக்கு வராத மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

எங்கள் வீட்டில் தயிர் திரும்பி வந்துவிட்டது. ஒத்திகைகளுக்கு அவளைக் கொண்டுபோய் விடுகிறேன். முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஷோவுக்கு வாங்க. ரிகர்சலுக்குக் கதவுகிட்ட நிக்காதீங்க. உங்க செருப்புச் சத்தம் அன்னிக்கு உள்ள வரைக்கும் கேட்டுச்சு."

அதனால் இப்போது பள்ளிக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நிற்கிறேன். அங்கிருந்து ஒன்றும் கேட்பதில்லை. பேருந்துகள் போகும் சத்தம்தான். இருந்தாலும் இரண்டு பேருந்துகளுக்கு நடுவே சத்தம் அடங்கும்போதெல்லாம் டீயைக் கீழே வைத்துவிடுகிறேன்.