லிப்டில் ஏறாத அக்கா

எங்கள் பல்கலைக்கழகம் சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. பின்பக்கம் மரவள்ளிக் காடாகக் கிடந்த நிலத்தை வாங்கி, அதில் புதிதாக ஐந்து மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். நான் அங்கே பராமரிப்புப் பிரிவில் சூப்பர்வைசர். கூட்டுகிறவர்கள், குழாய் வேலைக்காரர்கள், எலக்ட்ரீஷியன்கள், தோட்டக்காரர்கள் எல்லோரையும் காலையில் கூட்டி, அன்றைய செய்தியைச் சொல்வது என் வேலை. எந்த வழியை அடைத்திருக்கிறார்கள், எங்கே பெயிண்ட் இன்னும் காயவில்லை, யாருக்கு எந்த மாடி என்பதெல்லாம் அதில் வரும்.

புதுக் கட்டடம் திறந்தபோது ஐந்தாம் மாடியை ஓர் அக்காவுக்குக் கொடுத்தேன். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவராக இருப்பார். அதிகம் பேசமாட்டார், அவர் துடைத்த தரையில் செருப்போடு நடக்கக் கூச்சமாக இருக்கும். லிப்ட் ஓடத் தொடங்கிவிட்டது, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் படியேற வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டினார்.

ஒருநாள் காலையில் மூன்றாம் மாடியில் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்கப் போனேன். படிக்கட்டுத் திருப்பத்தில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பக்கெட்டும் மாப்பும். முழங்காலைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் சட்டென்று எழப் பார்த்தார்.

"உக்காருங்க அக்கா. லிப்ட் ஓடலையா?"

"ஓடுதுங்க. கூட்டமா இருந்துச்சுங்க, அதான்."

மாணவர்கள் யாரும் வந்திராத நேரம் அது. நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"தினமும் இப்படித்தான் ஏறுறீங்களா?"

அவர் மாப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நாளையிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாத்திடறேன் அக்கா. காலைக் கெடுத்துக்காதீங்க."

"அய்யோ, வேண்டாமுங்க அம்மிணி!" என்றார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "எனக்கு அஞ்சாவது மாடியே இருக்கட்டுமுங்க."

எனக்குப் புரியவில்லை. லிப்டிலும் ஏறமாட்டார், மாடியையும் விடமாட்டார். பக்கெட்டை நான் வாங்கிக்கொண்டேன். இருவரும் மெதுவாகப் படியேறிப் போனோம். மேலே போனதும் அவர் என்னை நடைபாதையின் கடைசி ஜன்னலுக்கு அழைத்துப்போனார். வெளியே வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் அப்பால் கொல்லிமலை நீலமாகத் தெரிந்தது.

"அந்த அடிவாரத்துலதானுங்க எம்புள்ள ஊடு. கட்டிக் குடுத்து வருசம் ஆச்சு. அடிக்கடி போய்ப் பாக்க முடியறதில்லீங்க. இங்க நின்னு அந்தப் பக்கம் பாத்துட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பேன்."

மலை தெரியுமே தவிர வீடு எங்கே தெரியப்போகிறது. ஆனால் அவர் விரல் காட்டிய இடம் கொஞ்சமும் அசையவில்லை.

"சரி, லிப்ட்ல என்ன பயம் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

ஜன்னல் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். அவரும் கணவரும் முன்பு கிணறு வெட்டும் வேலைக்குப் போனவர்கள். கிரேனில் தொங்கும் தொட்டியில் நின்றுதான் ஆட்கள் கிணற்றுக்குள் இறங்குவார்கள். ஒரு காலையில் கணவர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கயிறு அறுந்துவிட்டது. இவர் கிணற்று மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிப்டும் கயித்துலதான தொங்குதுங்க அம்மிணி?" என்றார். அழவில்லை. என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே லிப்டைச் சோதிக்க மெக்கானிக் வந்தார். சேலத்துக்காரர், நிதானமான மனிதர். அவரிடம் விஷயத்தை முழுதாகச் சொல்லாமல், இந்த அக்காவுக்கு லிப்ட் எதில் ஓடுகிறது என்று காட்ட முடியுமா என்று மட்டும் கேட்டேன். அவர் எங்களை மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக்குக் கூட்டிப்போனார். சக்கரத்தின்மேல் வரிசையாக இரும்புக் கயிறுகள் ஓடின.

"பாருங்கம்மா, ஒண்ணு இல்ல, பல கயிறு. ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும்."

அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "எல்லாமே அந்துபோச்சுன்னா?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. "அப்பவும் விழாதும்மா. வேகமா இறங்க ஆரம்பிச்சா, பெட்டிக்கு அடியில குறடு மாதிரி ஒண்ணு இருக்கு, அது ரெண்டு பக்கமும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும். பெட்டி அங்கேயே நின்னுடும்."

"நின்னுடுங்களா?"

"நின்னுடும்மா."

அக்கா கொஞ்ச நேரம் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல், "அன்னைக்கு அப்படி ஒண்ணு இருந்திருக்கலாமுங்க" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பினாயிலில் ஊறி ஊறிச் சொரசொரத்த கை. மெக்கானிக் என்னைப் பார்த்தார். ஏதோ புரிந்தவர்போல, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அன்று அவர் லிப்டில் ஏறவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, காலைக் கூட்டம் முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்களும் கூட வாரீங்களா அம்மிணி?"

போனோம். கதவு மூடியதும் கண்ணை இறுக்கிக்கொண்டார். என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. இருவருமே அப்போது அதைக் கவனிக்கவில்லை.

"வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்ல அக்கா."

"இப்பங்க?"

"வந்தாச்சு."

கதவு திறந்தது. வெளியே கால் வைத்ததும் தரையை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். பிறகுதான் என் மணிக்கட்டில் இருந்த கீறலைக் கண்டு பதறி, தன் தலைப்பால் ஒற்றினார். "பாவி நான், உங்க கையப் புண்ணாக்கிப்போட்டனே" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது தனியாகவே ஏறுகிறார். இறங்க மட்டும் இன்னும் படிக்கட்டுதான். "ஏறும்போது ஒண்ணும் தெரியலீங்க. எறங்கறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் அம்மிணி" என்றார். ஆகட்டும் அக்கா என்றேன். பக்கெட்டையும் மாப்பையும் மேலேயே வைக்க ஓர் அலமாரி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் வேலை சீக்கிரம் முடிகிற நாட்களில் நானும் மேலே போய்விடுவேன். அவர் மகளுக்கு இது ஏழாவது மாதம். வளைகாப்புக்கு என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்குவோம்.